சிவப்பு நட்சத்திரம் இட்ட பெட்டி

கஸ்தூரியார் வீதியில்
கடைசி ஷட்டரும் தரையைத் தொட்ட பிறகுதான்
அன்ரனிற்றாவின் வீடு திறக்கும்.
சீமெந்துச் சாக்கு ஒன்று, மாற்றுச் சாறி ஒன்று,
போன தேர்தலில் மிஞ்சிய பனர்.
பனரில் ஒருவர் கைகூப்பியபடி இருக்கிறார்.
குளிருக்கு அவரைத்தான் போர்த்துகிறாள்,
முகம் உள்பக்கமாக.
"வெளியிலை விட்டா
நாய் குலைக்குது பிள்ளை."

நான் பிரதேச செயலகத்து ஆள்.
நலன்புரிக் கணக்கெடுப்பு.
பகலில் வந்தால் இவர்கள் இருக்கமாட்டார்கள் என்று
இரவில் வந்தேன், யாரும் சொல்லாமல்.
கையில் அரசாங்கத்து ரப், முப்பது வீதம் சார்ஜ்.

சுவர் எதனால் ஆனது?
ஷட்டரைத் தட்டிப் பார்த்தாள்.
"தகரம். நல்ல தகரம்."
தரை?
"மாபிள்."
பொய்யில்லை. நகைக்கடைக்காரர்
சித்திரைக்குத்தான் பதித்தார்.
மின்சாரம்?
எங்கள் தலைக்கு மேல் கடையின் பெயர்
பச்சையும் சிவப்புமாய் ஓடிக்கொண்டிருந்தது.
புள்ளிகள் ஏறின.
இன்னும் இரண்டு கேள்வி போனால்
இவள் வசதியானவள்.

முகவரி?
அந்தப் பெட்டியின் மூலையில் ஒரு சிவப்பு நட்சத்திரம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் வராது.

போன மாரி வரைக்கும் இருந்தது அவளுக்கு:
கொக்குவிலில் ஓர் அறையும் குசினியும்.
ஆறாயிரம் வாடகை பதினெட்டாயிரம் ஆன மாதம்
ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்த வேலையும் போனது.
அதே ஒழுங்கையில் பூட்டிய வீடுகள் ஏழு,
விரல் மடித்துச் சொன்னாள்.
தானே எரிந்து தானே அணையும் விளக்குகள்.
குரோட்டனுக்குத் தண்ணீர் விட மட்டும்
கிழமைக்கு இருமுறை ஆள் வரும்.
ஒரு மழை இரவில், காருக்கென்று கட்டிய கூரையின் கீழ் ஒதுங்கினாள்.
பத்து நிமிடத்தில் சுவர் பேசியது.
ஸ்காபரோவிலிருந்து, மிக மரியாதையாக:
"அம்மா, ஆர் நீங்கள்? கமராவிலை தெரியுறியள்."
அங்கே மதியமாம்.
"கரண்டி கோப்பையிலை படுற சத்தம்
எனக்குக் கேட்டுது பிள்ளை."

என் மச்சான் குகறூபன்
கலிபோர்னியாவில் லொறி ஓட்டுகிறான்.
போன கிழமை ஒரு படம் அனுப்பினான்:
பாலத்துக்குக் கீழே, கண்ணுக்கெட்டும் வரை நீலக் கூடாரங்கள்.
இது எந்த முகாம் என்று கேட்டேன்.
கூடாரம் கண்டால் நாங்கள் அப்படித்தான் கேட்போம்.
"முகாமில்லை. இஞ்சை சண்டை நடக்கேல்லை."
கொஞ்சம் பொறுத்து இன்னொரு வரி வந்தது:
"எண்டுதான் சொல்லுகினம்."

மாநகரசபையைக் கேட்டால் செயலகத்தின் பொறுப்பு.
செயலகத்தைக் கேட்டால் மாநகரசபையின் பொறுப்பு.
கூட்டத்தில் கைகூப்பியவர் மைக்கை நிமிர்த்திச் சொன்னார்:
யாழ்ப்பாணத்தில் வீடற்றவர் ஒருவருமில்லை,
கணக்கெடுப்பைப் பாருங்கள்.
பார்த்தேன். ஒருவருமில்லைத்தான்.
நட்சத்திரம் யாரையும் உள்ளே விடவில்லை.
கைதட்டினார்கள். நானும் தட்டினேன்,
நிரந்தர நியமனம் இன்னும் வரவில்லை எனக்கு.

பதினைந்து வீதம் சார்ஜ்.
பண்ணைப் பக்கமிருந்து காற்று எழும்பி
பனரின் ஓரத்தைத் திருப்பிப் போட்டது.
அடியில், சின்ன எழுத்தில்,
மக்கள் தொடர்பு அலுவலகம்:
வீட்டிலக்கம், வீதி, தொலைபேசி.

பார்த்துப் பார்த்து
ஒவ்வொரு எழுத்தாய் அடித்தேன்.
ரப் கொஞ்சம் யோசித்தது.
அடுத்த பக்கம் வந்தது.

இந்த முகவரியில் வேறு எத்தனை பேர் வசிக்கிறார்கள்?

வாசித்துக் காட்டினேன்.
அன்ரனிற்றா எழும்பி
வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.
சாறியை உதறி இடுப்பில் செருகினாள்.
"நில்லுங்கோ பிள்ளை,
மற்றவையை எழுப்பிக்கொண்டு வாறன்."